‘ஜஸ்ட் நவ் கூப்பிடறோம்’னு சொன்ன கம்பெனி: டர்பன்ல வேலை தேடுறவங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2023 ஆகஸ்ட் 14, திங்கக்கிழமை அப்ளை பண்ணேன். அக்டோபர் 30, அதுவும் திங்கக்கிழமைதான், வேலை இல்லைன்னுட்டாங்க. நடுவுல 11 வாரம், 5 ரவுண்டு, ஆபீஸ்ல பொய் சொல்லாம எடுத்த 4 நாள் லீவு, அப்புறம் நானே தெரியாம அவங்களுக்குச் சும்மா செஞ்சு கொடுத்த ஒரு மாசக் கணக்கு. ‘இல்லை’ங்கறதுக்கு அவங்க சொன்ன காரணம் என்ன தெரியுமா, முதல் ஃபோன் கால்லயே நான் வாயால சொன்ன விஷயம். அதைத்தான் இன்னிக்கும் ஜீரணிக்க முடியல.

நான் தஞ்சாவூர் பக்கம் பொறந்து, கல்யாணம் ஆகி தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல இருக்கிற சாட்ஸ்வர்த்துக்கு வந்தவ. வீட்டுக்காரர் இங்கயே பொறந்து வளர்ந்தவர், அவங்க கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குன்னு கப்பல்ல வந்த பரம்பரை. நான் பி.காம், க்ரெடிட்டர்ஸ் க்ளார்க், அதாவது சப்ளையர்ங்களுக்குக் கட்ட வேண்டிய பில்லைப் பார்க்கிற வேலை. டர்பன் டவுன்ல ஒரு சின்ன ஆபீஸ்ல இருந்தேன், உம்லாங்கா பக்கம் ஒரு பெரிய சரக்குக் கம்பெனியில இதே வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு ஏஜென்சி மூலமா போனேன். கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்ல, அதைச் சொல்லி எனக்கு ஒண்ணும் ஆகப் போறதுமில்ல. ஆனா கல்யாணம் ஆகியோ கம்பெனி அனுப்பியோ இந்தியாவுல இருந்து இங்க வர்ற நம்ம ஆளுங்க நிறைய பேர் இதே குழியில விழறாங்க, அதனால ஒவ்வொரு படியா எழுதறேன், நீளமா இருக்கும், டீ போட்டுட்டு உக்காருங்க.

முதல்ல ஒரு மொழிப் பாடம். இந்த ஊர்ல ‘ஜஸ்ட் நவ்’னா இப்பவே இல்ல. இன்னிக்கு, இல்ல நாளைக்கு, இல்ல என்னிக்காவது. ‘நவ் நவ்’னு ரெண்டு தடவை சொன்னாதான் கொஞ்சம் சீக்கிரம்னு அர்த்தம். நான் வந்த புதுசுல ஒருத்தர் ‘ஜஸ்ட் நவ் கூப்பிடறேன்’னு சொன்னார்னு ஃபோனைக் கையில வச்சிக்கிட்டே கஞ்சி காய்ச்சி அடிபிடிச்சுப் போச்சு. அதே மாதிரி ‘ஷேம்’னு சொன்னா திட்டறாங்கன்னு நினைக்காதீங்க, அது ‘அய்யோ பாவம்’. ஏஜென்சி பொண்ணு நான் தஞ்சாவூர்னு சொன்னதும் ‘ஓ ஷேம்’னா, எனக்கு மூஞ்சி சிவந்துடுச்சு, வீட்டுக்காரர் விளக்கினப்புறம்தான் சிரிப்பு வந்துச்சு.

படி 1: அப்ளை பண்றதுக்கு முன்னாடி பேப்பர் வேலை

உங்க விசா ஒட்டியிருக்கிற பக்கத்தை எடுத்து, அதுல அச்சடிச்சிருக்கிற கண்டிஷன் வரியை ஒரு தடவை நிதானமா படிங்க. நான் அதைப் படிச்சதா நினைச்சேன், ஒழுங்கா படிக்கல. எனக்கு அப்போ இருந்தது 11(6)ன்னு சொல்ற விசா, இந்த நாட்டுக் குடிமகனையோ நிரந்தர வாசியையோ கட்டிக்கிட்டவங்களுக்குக் கொடுக்கறது. அதுல வேலை பார்க்க அனுமதி கிடைக்கும், ஆனா எந்தக் கம்பெனின்னு பேர் போட்டுக் கொடுப்பாங்க. வேற கம்பெனிக்குப் போகணும்னா விஎஃப்எஸ்ங்கற விசா அப்ளிகேஷன் சென்டர் மூலமா திரும்ப மாத்தணும், மாத்தறதுக்குப் புதுக் கம்பெனியோட ஆஃபர் லெட்டரோ கான்ட்ராக்டோ வேணும். இப்போ பாருங்க, கம்பெனிக்காரன் ‘விசாவை மாத்திட்டு வா, ஆஃபர் தரேன்’ங்கறான், அங்க ‘ஆஃபரைக் கொண்டா, மாத்தித் தரேன்’ங்கறாங்க. பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு ஊர்ல சொல்வாங்களே, அந்தக் கதைதான். கல்யாணம் ஆகி 5 வருஷம் ஆனா நிரந்தர வாசத்துக்கு அப்ளை பண்ணலாம், அது கைக்கு வந்துட்டா இந்தத் தலைவலி போயிடும், ஆனா விசா கொடுக்கற ஹோம் அஃபேர்ஸ் இலாகாவுல ஃபைல் எவ்வளவு நாள் தூங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. விசா ரூல் அடிக்கடி மாறுது, அதனால என் விசாவை வச்சு உங்களோடதை முடிவு பண்ணாதீங்க, உங்க பக்கத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான் கணக்கு.

இன்னொரு வகை, புருஷன் கம்பெனி வேலை விசாவுல வந்து அவரோட கூட வந்த மனைவி. அந்த விசாவை வச்சுக்கிட்டு வேலை பார்க்கக் கூடாது. ‘சும்மா பார்ட் டைம்தானே’ன்னு எவனாவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

அடுத்தது சாக்வா. அதாவது வெளிநாட்டு டிகிரி இந்த ஊர்க் கணக்குல எந்த லெவல்னு மதிப்பிட்டு சர்ட்டிஃபிகேட் கொடுக்கற தகுதி ஆணையம், பிரிட்டோரியாவுல இருக்கு, அப்ளிகேஷன் ஆன்லைன்லயே போடலாம். டிகிரி சர்ட்டிஃபிகேட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், உங்க யுனிவர்சிட்டிகிட்ட அவங்க விசாரிச்சுக்கலாம்னு நீங்க கையெழுத்துப் போட்ட ஒரு ஒப்புதல், இதெல்லாம் வேணும். இங்க தாமதம் ஆகறது பெரும்பாலும் நம்ம ஊர் யுனிவர்சிட்டி பதில் போடாததாலதான். ஊர்ல இருக்கிற தம்பியோ மச்சானோ நேர்ல போய் நின்னாதான் நகரும். வேலை கிடைச்சப்புறம் பண்ணிக்கலாம்னு விடாதீங்க, கிடைக்கற நேரத்துல இது ஒரு காரணமா மாறும்.

படி 2: விளம்பரத்தை வாசிக்கறது

இங்க முக்கால்வாசி விளம்பரத்துக்கு அடியில ஒரு வரி இருக்கும், ‘ரெண்டு வாரத்துக்குள்ள எங்ககிட்ட இருந்து தகவல் வரலைன்னா உங்க அப்ளிகேஷன் ஏத்துக்கப்படலைன்னு எடுத்துக்கோங்க’ன்னு. முதல்ல படிச்சப்போ எனக்குக் கோவம் வந்துச்சு, இப்போ அதுதான் இருக்கறதுலயே நேர்மையான வரின்னு தோணுது. அட்லீஸ்ட் ஒரு தேதி சொல்றான்ல.

‘ஈஈ’ (எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி, வேலை சமத்துவம்) பொசிஷன்னு போட்டிருந்தா கவனிங்க. 1998 வேலை சமத்துவச் சட்டப்படி கறுப்பின மக்கள், பெண்கள், உடல் ஊனமுற்றவங்களுக்கு முன்னுரிமை, அந்தக் கறுப்பினங்கற வார்த்தைக்குள்ள இங்கத்திய இந்தியர்களும் அடக்கம். ஆனா அது இந்த நாட்டுக் குடிமக்களுக்குத்தான், பிறப்பால, வம்சத்தால, இல்ல 1994 ஏப்ரல் 27க்கு முன்னாடி குடியுரிமை வாங்கினவங்களுக்கு. அதனால நம்ம மூஞ்சியைப் பார்த்து ‘இந்தியன், பெண், ரெண்டும் டிக்’னு ஏஜென்சிக்காரி சந்தோஷப்பட்டா அப்பவே திருத்திடுங்க. ஃபார்ம்ல வெளிநாட்டவர்ங்கற கட்டத்தைத்தான் நாம டிக் பண்ணணும். என் நாத்தனாருக்கு அது பொருந்தும், எனக்குப் பொருந்தாது, ஒரே சமையல்கட்டுல நிக்கிற ரெண்டு பேர்தான். அந்தச் சட்டத்துக்கு அதுக்கான வரலாறு இருக்கு, அதுல எனக்கு மனஸ்தாபம் இல்ல, ஆனா மூணாவது ரவுண்டுல தெரிய வரக் கூடாது.

வேலைக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், ட்ரெயினிங் ஃபீஸ், யூனிஃபார்ம் டெப்பாசிட்னு யாராவது பணம் கேட்டா அவன் திருடன், அவ்வளவுதான். 2014 வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம், வேலை தேடுறவங்ககிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு நேராவே சொல்லுது, ஏஜென்சிக்குக் கம்பெனிக்காரன்தான் கொடுப்பான். வாட்ஸப்ல வர்ற ‘துறைமுகத்துல வேலை’ மெசேஜ் முக்கால்வாசி இந்த ஜாதிதான்.

ஒரே வேலைக்கு ரெண்டு ஏஜென்சி மூலமா சிவி போகக் கூடாது. கமிஷன் யாருக்குன்னு அவங்களுக்குள்ள சண்டை வந்தா கம்பெனி உங்களையே தூக்கிப் போட்டுடும். எந்த ஏஜென்சி, எந்தக் கம்பெனி, என்ன தேதின்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. இந்த நோட்டுதான் இந்த வழிகாட்டி பூராவும் வரப் போகுது. நான் பழைய டைரி ஒண்ணை எடுத்துக்கிட்டேன், அதுல பாதி அத்தையோட சீட்டுக் கணக்கு.

சிவி கூடவே பாஸ்போர்ட் காப்பி, மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ஸ்லிப் எல்லாம் அனுப்பச் சொன்னா அனுப்பாதீங்க. போப்பி சட்டம்னு நம்ம சொந்தத் தகவலைப் பாதுகாக்கற சட்டம் ஒண்ணு இருக்கு, 2021 ஜூலை 1ல இருந்து முழுசா அமல்ல இருக்கு, தேவைக்கு மேல தகவல் சேகரிக்கக் கூடாது. ‘ஷார்ட்லிஸ்ட் ஆனப்புறம் தரேன்’னு சொல்லுங்க. விசா பக்கம் மட்டும் விதிவிலக்கு, அது ஏன்னு அடுத்ததுல சொல்றேன்.

படி 3: முதல் ஃபோன் கால், இங்கதான் நான் கோட்டை விட்டேன்

ஏஜென்சிப் பொண்ணு கூப்பிட்டா. வேலை பார்க்க பெர்மிட் இருக்கான்னு கேட்டா. இருக்கு, ஆனா இப்போ இருக்கிற ஆபீஸ் பேர்ல இருக்கு, மாத்தணும், அதுக்கு ஆஃபர் லெட்டர் வேணும்னு தெளிவா சொன்னேன். ‘பெர்ஃபெக்ட், நோ ப்ராப்ளம்’னா. நானும் நிம்மதியா ஃபோனை வச்சிட்டேன். அவ கம்ப்யூட்டர்ல ‘பெர்மிட்: ஆம்’னு ஒரு டிக் அடிச்சிருக்கா, அவ்வளவுதான். நான் சொன்ன ‘ஆனா’ காத்துல போச்சு.

அதனால செய்ய வேண்டியது இது. ஃபோனை வச்ச அஞ்சாவது நிமிஷம் ஒரு மெயில் போடுங்க. இன்னிக்கு இத்தனை மணிக்கு நீங்க பேசினீங்க, என் விசா இந்த வகை, இதுல இந்தக் கம்பெனி பேர் இருக்கு, மாத்தறதுக்கு உங்க ஆஃபர் லெட்டர் தேவை, அதுக்கு டைம் எடுக்கும், இதை வேலை கொடுக்கற கம்பெனிக்கிட்ட சொல்லிட்டு அவங்களுக்குச் சம்மதம்தான்னு எனக்கு எழுதுங்கன்னு. விசா பக்கத்தை ஸ்கேன் பண்ணி, குறுக்கால ‘இன்ன வேலைக்கு மட்டும்’னு எழுதி சேர்த்து விடுங்க. ‘சம்மதம்’னு கம்பெனி பக்கத்துல இருந்து எழுத்துல வராம அடுத்த ரவுண்டுக்குப் போகாதீங்க. கொஞ்சம் முறைப்பா தெரியும், தெரியட்டும். வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கிற கம்பெனி அவங்க பேப்பரைச் சரி பார்க்கணும்னு குடிவரவுச் சட்டத்துலயே இருக்கு, அதை அவன் கடைசி நாள்ல பார்க்கறதுக்குப் பதிலா முதல் நாள்ல பார்க்க வைக்கிறோம்.

அதே கால்ல இன்னும் சிலது கேட்டுக்கோங்க: மொத்தம் எத்தனை ரவுண்டு, கடைசி முடிவு யாரோடது, இடம் காலியா இருக்கா இல்ல புதுசா உருவாக்கறாங்களா, உள்ளேயே யாராவது அப்ளை பண்ணியிருக்காங்களா, எந்தத் தேதிக்குள்ள ஆள் வேணும். எனக்கு ‘ரெண்டு ரவுண்டு’ன்னு சொன்னாங்க. நோட்டுல எழுதியிருக்கேன், ஆகஸ்ட் 17, ரெண்டு ரவுண்டு.

சம்பளமும் இங்கயே. இந்த ஊர்ல சிடிசின்னு ஒரு கணக்கு சொல்வாங்க, கம்பெனிக்கு ஆகற மொத்தச் செலவு. 22,000 ராண்ட்னு கேட்டதும் வாயைப் பிளக்காதீங்க. அதுல ப்ராவிடெண்ட் ஃபண்ட் 2,200, மெடிக்கல் எய்ட் 2,800ன்னு வச்சாலே 17,000 ஆயிடும், அதுக்கப்புறம் வருமான வரி, வேலை இல்லாக் காலக் காப்பீட்டுக்குப் பிடிக்கற யுஐஎஃப் 1 சதவீதம். வருஷக் கடைசியில கொடுக்கற பதிமூணாவது சம்பளத்தைக் கூட சில பேர் இதுக்குள்ளயே போட்டு 12 ஆல வகுத்துச் சொல்லுவாங்க. ‘கைக்கு எவ்வளவு’ன்னு ஒரே கேள்வி கேளுங்க, வெக்கப்படாதீங்க.

படி 4: டீம்ஸ் (வீடியோ கால்) ரவுண்டு

சீக்கிரம் சொல்லிடறேன். 2023 கரண்ட் போறதும் வர்றதுமா இருந்த வருஷம். எங்க ஏரியாவுக்குக் கரண்ட் கட் நேரம் ஆப்ல பார்த்து வச்சு, ரௌட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி, ஃபோன்ல டேட்டா எல்லாம் ரெடி பண்ணி உக்காந்தேன், கடைசியில கரண்ட் போனது அந்த ஹெச்ஆர் அம்மா வீட்டுல. 25 நிமிஷம் இருட்டு ஸ்க்ரீன் கூடப் பேசினேன். நீங்க தயாரா இருங்க, அவங்க தயாரா இருப்பாங்கன்னு எதிர்பார்க்காதீங்க.

படி 5: நேர்ல போற ரவுண்டு

சாட்ஸ்வர்த்ல இருந்து உம்லாங்கா போகணும்னா கார் இல்லாதவங்களுக்கு ஒரு டாக்ஸி பிடிச்சு டவுன், வார்விக்ல இறங்கி மார்க்கெட் கூட்டத்துக்குள்ள நடந்து உம்லாங்கால இருக்கிற கேட்வே மால் பக்கம் போற இன்னொரு டாக்ஸி. இங்க டாக்ஸின்னா மினிபஸ், நிறைஞ்சாதான் கிளம்பும். 10 மணி இன்டர்வியூவுக்கு நான் 7 மணிக்கே கிளம்பினேன், 9:20க்குப் போய்ச் சேர்ந்தேன், 10:50க்குத்தான் உள்ளே கூப்பிட்டாங்க. இன்டர்வியூ எடுக்க வேண்டியவங்கள்ல ஒருத்தர் வரவே இல்ல, ‘அவர் இன்னொரு நாள் பார்ப்பார்’னாங்க. அப்பவே மூணாவது ரவுண்டு முளைச்சிடுச்சு.

லீவு கணக்கு பாருங்க. வருஷத்துக்கு 21 நாள் லீவுன்னு சட்டம் சொல்றது சனி ஞாயிறையும் சேர்த்து, அதாவது வேலை நாள் கணக்குல 15தான். அதுல 4 நாள் இவங்களுக்குப் போச்சு. அதனால ஒரே நாள்ல எல்லாரையும் பார்க்கற மாதிரி வைங்கன்னு முன்னாடியே கேளுங்க, இல்லைன்னா காலை 8 மணிக்கு. கேட்டா தப்பில்ல, கேக்காதது என் தப்பு.

கேள்விங்க சாதாரணம்தான். ஸ்டேட்மென்ட் ரெகன்சிலியேஷன் எப்படிப் பண்ணுவீங்க, சப்ளையர் கத்தினா என்ன சொல்லுவீங்க, எந்த சாஃப்ட்வேர் தெரியும். ஒருத்தர் மட்டும் சிரிச்சுக்கிட்டே ‘கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஆச்சே, குழந்தை ப்ளான் ஏதாவது?’ன்னார். இதைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது, கர்ப்பம், கல்யாண நிலை, குடும்பப் பொறுப்பு இதெல்லாம் வச்சுப் பாரபட்சம் காட்டறது சமத்துவச் சட்டத்துல தப்பு, அது வேலைக்கு அப்ளை பண்றவங்களுக்கும் பொருந்தும். ஆனா அந்த ரூம்ல உக்காந்து செக்‌ஷன் நம்பர் சொல்ல முடியுமா? நான் ‘இந்த வேலைக்கு வேண்டிய நேரம் என்னால கொடுக்க முடியும், மாசக் கடைசியில லேட்டா இருக்கணுமா, இருப்பேன்’னு சொன்னேன், அதோட விட்டார். வெளியில வந்ததும் அந்தக் கேள்வியை யார் கேட்டார், எத்தனை மணிக்குன்னு நோட்டுல எழுதிட்டேன். பாரபட்சம்னு புகார் கொடுக்கணும்னா சிசிஎம்ஏங்கற வேலைத் தகராறு தீர்க்கற அமைப்புக்குப் போக 6 மாசம் வரைக்கும் டைம் இருக்கு, ஆனா எழுதி வைக்காதவங்களுக்கு அந்த ஆறு மாசமும் பிரயோஜனம் இல்ல.

படி 6: டெஸ்ட்டுன்னு சொல்லி வேலை வாங்கறது

இதுதான் எனக்கு இன்னும் எரியுது. செப்டம்பர் 22, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு எக்செல் ஃபைல் வந்துச்சு, ‘சின்ன ப்ராக்டிகல் டெஸ்ட், செவ்வாய்க்கிழமை காலையில அனுப்புங்க’ன்னு. அந்த வருஷம் ஹெரிட்டேஜ் டே ஞாயித்துக்கிழமை வந்ததால திங்கக்கிழமை லீவு, மூணு நாள் விடுமுறைன்னு வீட்டுல எல்லாரும் பீச்சுக்குப் போனாங்க, நான் சாப்பாட்டு மேஜையில 400 வரி எக்செலோட. மூணு சப்ளையர், அவங்க ஸ்டேட்மென்ட், கம்பெனி லெட்ஜர், ரெண்டையும் டேலி பண்ணணும்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி தான் உறைச்சுது. அதுல ஒரு லாரிக்காரர் பேர் எனக்குத் தெரிஞ்ச பேர், எங்க ஆபீஸுக்கும் அவர்தான் ஓட்டறார். தேதி எல்லாம் போன மாசம். இது டெஸ்ட்டுக்குத் தயார் பண்ண டேட்டா இல்ல, நிஜ கணக்கு. ஆனாலும் முடிச்சேன், ஏன்னா வேலை வேணும். ஒரே இன்வாய்ஸை ரெண்டு தடவை கட்டியிருந்ததைக் கண்டுபிடிச்சு மஞ்சள் அடிச்சு அனுப்பினேன், 86,000 ராண்டுக்கு மேல. அடுத்த ரவுண்டுல அவங்க ஃபைனான்ஸ் டைரக்டர் கை குலுக்கி ‘நல்லா பிடிச்சீங்க, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிட்டோம்’னு சொன்னார். பெருமையா வேற இருந்துச்சு எனக்கு, சொல்றதுக்கே வெக்கமா இருக்கு.

டெஸ்ட் வேணாம்னு நான் சொல்லல, எங்க வேலைக்கு டெஸ்ட் வைக்கறதுதான் நியாயம். ஆனா ஃபைலைத் திறந்ததும் முதல்ல பேரையும் தேதியையும் பாருங்க. நிஜப் பேர், புதுத் தேதின்னா ‘இதுல உண்மையான சப்ளையர் தகவல் இருக்கு போல, பேர் மாத்தின ஃபைல் அனுப்ப முடியுமா, நான் பத்து வரி மாதிரிக்குச் செஞ்சு, மீதியை எப்படிச் செய்வேன்னு எழுதித் தரேன்’னு மெயில் போடுங்க. ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல வீட்டுல உக்காந்து செய்யற டெஸ்ட் எதுவும் டெஸ்ட் இல்லங்கறது என் கணக்கு, உங்களுக்கு வேற கணக்கு இருக்கலாம். அனுப்பறப்போ பதில் ஃபைலை லாக் பண்ணி பிடிஎஃப்ஆ அனுப்புங்க, ஃபார்முலாவோட கொடுக்காதீங்க.

சைக்கோமெட்ரிக்னு, குணத்தையும் யோசிக்கற திறனையும் அளக்கற ஒரு ஆன்லைன் டெஸ்ட்டும் வைப்பாங்க சில இடத்துல. அது அறிவியல்பூர்வமா நிரூபிச்சதா, யாருக்கும் பாரபட்சம் இல்லாததா இருக்கணும்னு சட்டம் இருக்கு. ரிசல்ட்டை எனக்கும் காட்டுங்கன்னு கேட்டுப் பாருங்க.

படி 7: செக்கிங்

போலீஸ் ரெக்கார்டு, டிகிரி, பழைய வேலை, க்ரெடிட் ரெக்கார்டு எல்லாம் பார்ப்பாங்க. க்ரெடிட் செக் எல்லா வேலைக்கும் போடக் கூடாது, பணம் கையாளற, நம்பிக்கை தேவைப்படற வேலைக்குத்தான், அதுவும் உங்க கையெழுத்து வாங்கிட்டு. எங்க வேலை அந்த வகைதான், மறுக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு க்ரெடிட் பீரோகிட்ட இருந்தும் உங்க ரிப்போர்ட்டை இலவசமா வாங்கலாம், முன்னாடியே வாங்கிப் பார்த்துடுங்க. புதுசா வந்தவங்களுக்கு அதுல ஒண்ணுமே இருக்காது, அது தப்பில்ல, ஆனா விளக்கம் கேட்டா சொல்லத் தெரியணும்.

ரெஃபரன்ஸ் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு: இப்போ இருக்கிற முதலாளி நம்பரை எழுத்துல ஆஃபர் வர்றதுக்கு முன்னாடி கொடுக்காதீங்க. நான் கொடுக்கல, அது ஒண்ணுதான் நான் சரியா செஞ்சது.

படி 8: காத்திருக்கறது

நாம ஒரு வேலைக்கு நாள் சொன்னா அந்த நாளைக்குள்ள முடிக்கிறோம், அவங்க மட்டும் நாளே சொல்லாம நம்ம நாளை எடுத்துக்கறாங்க. அதனால தேதியை நாமதான் வைக்கணும். ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சு எழுந்திருக்கும்போது ‘எந்தத் தேதிக்குள்ள தெரியும்?’னு கேளுங்க. ‘ஜஸ்ட் நவ்’னு சொன்னா சிரிச்சுக்கிட்டே ‘வெள்ளிக்கிழமைன்னு எழுதிக்கட்டுமா?’ன்னு கேளுங்க. அன்னிக்குச் சாயங்காலமே நன்றி மெயில் மாதிரி ஒண்ணு போட்டு அதுல அந்தத் தேதியையும் எழுதிடுங்க. தேதி தாண்டி ரெண்டு வேலை நாள் ஆனா ஒரு மெயில், ஒரு வாரம் ஆனா ஒரு ஃபோன், அதுக்கப்புறமும் இல்லைன்னா நோட்டுல அந்தப் பக்கத்துல குறுக்கு கோடு. கோடு போட்டதும் அடுத்த வேலைக்கு அப்ளை பண்ணுங்க. உண்மையில கோடு போடற வரைக்கும் கூடக் காத்திருக்கக் கூடாது. நான் அந்த 11 வாரத்துல வேற ஒரு இடத்துக்குக் கூட அப்ளை பண்ணல, ‘இதுதான் கிடைக்கப் போகுதே’ன்னு.

வருஷக் கடைசின்னா இன்னும் உஷாரா இருக்கணும். டிசம்பர் 16 லீவுல இருந்து ஜனவரி முதல் வாரம் வரைக்கும் பாதி கம்பெனி பூட்டிடும், டர்பன் பூரா லீவுக்கு வந்த ஜோஹன்னஸ்பர்க் கார்தான் ஓடும். நவம்பர் நடுவுக்குள்ள முடிவாகாத வேலை அடுத்த வருஷம்தான்.

படி 9: ஆஃபர்

அக்டோபர் 23ம் தேதி ஃபோன். ‘கங்க்ராஜுலேஷன்ஸ், கான்ட்ராக்ட் ஜஸ்ட் நவ் அனுப்பறோம், டிசம்பர் 1 சேர முடியுமா?’ எனக்கு நாலு வார நோட்டீஸ், ஒரு வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்களுக்கு அதுதான் சட்டம். கணக்குப் பார்த்தா அந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிக் கொடுத்தாதான் டிசம்பர் 1 முடியும். அன்னிக்கு ராத்திரியே ராஜினாமா லெட்டர் டைப் பண்ணிட்டேன்.

அத்தைதான் நிறுத்தினாங்க. அவங்க இருபது வருஷத்துக்கு மேல டர்பன்ல துணி ஃபேக்டரியில மெஷின் ஓட்டினவங்க, வெளிநாட்டுத் துணி வந்து ஃபேக்டரிங்க ஒண்ணொண்ணா மூடினப்போ வேலை போனவங்க. தமிழும் இங்கிலீஷுமா கலந்து பேசுவாங்க. ‘பேப்பர் வந்துச்சா கண்ணு?’ன்னாங்க. இல்ல அத்தை, ஃபோன்ல சொல்லிட்டாங்கன்னேன். ‘எங்க மேனேஜரும் வாயால சொன்னான், கிறிஸ்மஸ் முடிஞ்சு திரும்ப வாங்கன்னு. போனோம், கேட்ல பூட்டு. பேப்பர் வரட்டும், அப்புறம் நீ லெட்டர் கொடு’ன்னு சொல்லிட்டு வெங்காயம் நறுக்கப் போயிட்டாங்க.

ஒரு வாரம் பேப்பர் வரல. அக்டோபர் 30 ஃபோன் வந்துச்சு. அவங்க லீகல் ஆளு என் விசாவைப் பார்த்தாராம், அதுல வேற கம்பெனி பேர் இருக்காம், மாத்த டைம் ஆகுமாம், அவங்களுக்கு அவசரமாம். ‘முன்னாடியே சொல்லியிருக்கலாமே நீங்க’ன்னாங்க. எனக்குப் பேச்சே வரல. தீபாவளிக்கு ரெண்டு வாரம்கூட இல்ல.

அந்த லெட்டரைக் கொடுத்திருந்தா இருந்த வேலையும் போயிருக்கும், விசாவுல இருக்கிற பேரும் செல்லாமப் போயிருக்கும். அதனால:

எழுத்துல கான்ட்ராக்ட் வந்து ரெண்டு பக்கமும் கையெழுத்து ஆகாம ராஜினாமா கிடையாது. எவ்வளவு அவசரம்னாலும், அவங்க அவசரம் அவங்களோடது. சேர்ற தேதியை ‘கையெழுத்தான நாள்ல இருந்து இத்தனை வாரம்’னு வைக்கச் சொல்லுங்க, விசா மாத்தணும்னா ‘விசா வந்த நாள்ல இருந்து’ன்னு. ப்ரொபேஷன் எத்தனை மாசம், வேலை நேரம் எவ்வளவு (சாதாரண நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல போகக் கூடாது), நோட்டீஸ் எவ்வளவு, இதெல்லாம் எழுத்துல கொடுக்க வேண்டியது முதலாளியோட கடமை.

கையெழுத்தானப்புறம், சேர்றதுக்கு முன்னாடி அவங்க பின்வாங்கினா அது வேற கதை. ஒப்பந்தம் ஆயிட்டாலே, வேலைக்கு ஒரு நாள்கூடப் போகலைன்னாலும், அவங்க ஊழியர்தான்னு 2005ல இங்கத்திய லேபர் அப்பீல் கோர்ட்டு சொல்லியிருக்கு, அதனால அதை வேலை நீக்கமா எடுத்துக்கிட்டு சிசிஎம்ஏக்குப் போகலாம். 30 நாளுக்குள்ள ஃபார்ம் 7.11 போடணும், காசு கிடையாது, வக்கீல் தேவையில்ல. ஆனா கான்ட்ராக்ட்ல ‘விசா கிடைத்தால் மட்டும்’ மாதிரி கண்டிஷன் இருந்து அது நிறைவேறலைன்னா இந்த வாதம் நிக்காது, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. என் கேஸ்ல ஒரு ஃபோன் காலைத் தவிர ஒண்ணுமில்ல. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்னு வாதாடலாம்னு ஒருத்தர் சொன்னார், அதை நிரூபிக்கிற தெம்பு எனக்கு அப்போ இல்ல.

படி 10: எல்லாம் முடிஞ்சப்புறம்

ரெண்டு நாள் அழுதேன், அது படியில சேராது. மூணாவது நாள் ரெண்டு மெயில் போட்டேன்.

முதல் மெயில் ஏஜென்சிக்கு: ஆகஸ்ட் 17 ஃபோன்ல என் விசா பத்தி நான் என்ன சொன்னேன்னு அவங்க எழுதி வச்ச குறிப்பை அனுப்பச் சொல்லி. பதில் வரல. ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பொண்ணு மட்டும் தனியா வாட்ஸப்ல ‘ஷேம், சாரி’ன்னு அனுப்பினா. அவளுக்கும் மேல ஒரு டார்கெட் இருக்கும், அவளை நான் ரொம்பத் திட்டல.

ரெண்டாவது மெயில் கம்பெனிக்கு, போப்பி சட்டத்தைக் குறிப்பிட்டு: என் பாஸ்போர்ட் காப்பி, விசா, க்ரெடிட் ரிப்போர்ட், சம்பள ஸ்லிப் எதையெல்லாம் வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, இனி தேவையில்லாததை அழிச்சிட்டு அழிச்சதா எழுத்துல உறுதி கொடுங்க, அதோட நான் செஞ்சு கொடுத்த எக்செல்லையும்னு. இதை நீங்களும் தாராளமா கேக்கலாம், வேலை கிடைக்காத எல்லா இடத்துலயும் கேளுங்க, நம்ம பாஸ்போர்ட் காப்பி எத்தனை பேர் டிராயர்ல கிடக்குதுன்னு நினைச்சா தூக்கம் வராது.

காலையில 9 மணிக்கு அனுப்பினேன். மத்தியானம் 2 மணிக்குள்ள பதில் வந்துடுச்சு, லீகல் ஆளு கையெழுத்தோட, எல்லாத்தையும் அழிச்சிட்டோம்னு. எக்செல் பத்தி மட்டும் ஒரு வார்த்தை இல்ல.